இரண்டு அவுட்டுக்குப் பிறகு

பதினேழு கோடைகாலம் சுகந்தினி கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினாள். கிரிக்கெட்டில் அவளுக்கு அப்படியென்ன பிரியம் என்று கேட்டால், ஒரு பிரியமும் இல்லை. புருஷன் வசீகரன் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தமிழ்ப் பெடியன்களின் கிளப் ஒன்றில் விக்கெட் கீப்பர். கீப்பரின் மனைவி சனிக்கிழமைதோறும் மைதானத்து ஓரத்தில் சும்மாதானே இருக்கிறாள், அவள் தலையில் கட்டிவிடுவோம் என்று யாரோ புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சுகந்தினிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

இரண்டாவது வருஷமே பந்துவீச்சாளர்களுக்கெல்லாம் அவளைக் கண்டால் பயம். “அக்கா, அது வைட் இல்லை அக்கா,” என்று குழைந்துகொண்டு வருவார்கள். “எழுதினது எழுதினதுதான்,” என்பாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். “கேட்சை விட்டது அவன், ரன் என்ரை கணக்கிலையோ?” என்று ஒருவன் ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டான். “பந்து போட்டது நீதானே?” என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். கிரிக்கெட்டில் நியாயம் அப்படித்தான். பிடியை எவன் நழுவவிட்டாலும் அதற்குப் பிறகு வருகிற ஓட்டம் முழுக்கப் பந்து போட்டவன் தலையில்தான் விழும்.

2015இல் வசீகரன் வெஸ்ட்கேட்டில் புது வீடு ஒன்று வாங்கி வேறொருத்தியோடு குடிபோனான். விவாகரத்தில் வீட்டைப் பிரிக்கச் சட்டம் இருக்கிறது, காரைப் பிரிக்கச் சட்டம் இருக்கிறது, டீமைப் பிரிக்கத்தான் சட்டம் இல்லை. டீம் முழுசாக அவனோடு போய்விட்டது. பதினேழு வருஷம் இவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்களில் ஒருத்தன், ஒரேயொருத்தன், போன் எடுத்து எப்படி இருக்கிறியள் என்று கேட்டானா? மூச்! ஸ்கோர் எழுத இப்போது போனிலேயே ஒரு செயலி வந்துவிட்டதாம், அதையும் அவள் கோயிலில் யாரோ சொல்லித்தான் அறிந்தாள்.

பிள்ளை குட்டி இல்லை. ஹென்டர்சனில் ஒரு சின்ன யூனிட்டில் தனியாக இருந்தாள். பகலில், ஒரு மருந்துக்கடையின் பின்னறையில், முதியோர் இல்லங்களுக்குப் போகும் வாராந்த மாத்திரைகளை அட்டைகளில் அடைக்கிற வேலை. காலை, மதியம், மாலை, படுக்கை என்று நாலு வரிசை, ஏழு நாள். பக்கத்தில் பேச ஆளில்லை. சில வெள்ளிக்கிழமைகளில், வாய் திறந்து ஒரு முழு வசனம் பேசி இரண்டு நாளாகிவிட்டதே என்று அவளுக்கே திடுக்கென்றிருக்கும். தனிமை என்ற சொல்லை அவள் சொல்லமாட்டாள், ரோஷக்காரி. ஆனால் இருந்தது தனிமைதான், வேறொன்றுமில்லை.

2018 ஒக்டோபரில் கவிநேசன் போன் எடுத்தான். மலேசியத் தமிழன், முப்பத்தைந்து வயது. முன்பு ஒரே ஒரு சீசன் வசீகரனின் கிளப்பில் ஆடிவிட்டு ஓடிப்போனவன். இப்போது அவனுக்கு, சம்பளத்துக்கு ஆடும் ஒரு புது பேஸ்பால் அணியில் அலுவலக வேலை. ஆஸ்திரேலிய நகரங்களோடு மோதுகிற லீக். மைதானம் ஹென்டர்சனிலிருந்து பத்து நிமிடம்.

“அக்கா, ஒரு ஸ்கோரர் வேணும். இந்த ஊர்ல பேஸ்பால் ஸ்கோர் எழுத ஆளே இல்ல. ஒங்க புத்தகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது, அச்சடிச்ச மாதிரி.”

“எனக்கு பேஸ்பாலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, கவி.”

“கிரிக்கெட் எழுதுனீங்கதானே, இதும் அதே மாதிரிதான்லா. பயப்படாதீங்க.”

அதே மாதிரி இல்லை. ஆனால் சுகந்தினி விதிப்புத்தகத்தை வாங்கி, மூன்று வாரம் இருந்து, பள்ளிக்கூடப் பிள்ளை சோதனைக்குப் படிக்கிறதுபோலப் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இந்த ஆட்டத்தில் ஸ்கோரர் வெறும் எழுத்தர் இல்லை, நீதவான். பந்து அடிபட்டுப் போகிறது, தடுப்பவன் பிடிக்கவில்லை. அது அடித்தவனின் கெட்டித்தனமா, தடுத்தவனின் பிழையா? அதைச் சொல்வது நடுவர் இல்லை. ஸ்கோரர்தான்.

நவம்பரில் சீசன் தொடங்கியது. கன்டெய்னர் ஒன்றை வெட்டி ஜன்னல் வைத்து, மைதானத்துக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்குள் மூன்று கதிரைகள். ஒன்றில் மைக் பிடித்து அறிவிக்கிறவர், ஒன்றில் பலகையின் விளக்குகளைப் போடுகிற பெண், நடுக்கதிரையில் சுகந்தினி. சர்ச்சைக்குரிய பந்து ஒன்று போனதும் இருவரும் இவள் பக்கம் திரும்புவார்கள். கீழே இரண்டு அணிகளும் ஜன்னலை அண்ணாந்து பார்க்கும். ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். “எர்ரர்,” என்பாள் சுகந்தினி. விளக்கு எரியும். அட, அந்த ஒரு கணத்துக்காக அவள் வாரம் முழுக்க மாத்திரை அடைத்தாள். அறிவிப்பவர் அவளுக்கும் சேர்த்துச் சூடாக உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வருவார். விளக்குப் பெண் தன் காதலனின் அட்டகாசங்களைச் சொல்லிச் சிரிப்பாள். உள்ளூரில் ஆட்டம் நடக்கிற வாரங்களில், வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள், சுகந்தினிக்குப் பேச ஆளிருந்தது. இதற்குமேல் ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்?

அந்த அணியில் எஃப்ராயின் சொலிஸ் என்று ஒரு பிட்ச்சர், பந்து எறிகிறவன், இருந்தான். நிக்கராகுவாக்காரன். முப்பத்தொரு வயது, அந்த ஆட்டத்தில் அது கிழவயசு. ஆங்கிலத்தில் ஐம்பது சொல் இருக்கும். அணியில் ஸ்பானிஷ் பேச இன்னொருவன் இல்லை. மற்றவர்கள் கூட்டமாக இருந்து கதைக்கும்போது அவன் வேலியோரத்தில் தனியாக நின்று, பந்தை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருப்பான். சுகந்தினி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவன் நிற்கிற நிலை அவளுக்கு நன்றாகப் பழகிய நிலை.

டிசம்பர் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸ். சொலிஸ் இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டான், மூன்றாவது அவுட்டும் விழுந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. மூன்றாமவன் பந்தை வானத்துக்கு அடித்தான், சின்னப்பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. இடது ஓரத்தில் நின்றவன் வெயிலைப் பார்த்துக் கையை நீட்டி, வாயைப் பிளந்து, கீழே போட்டான். “எர்ரர்,” என்றாள் சுகந்தினி. சரியான தீர்ப்பு. அதோடு முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸ் நீண்டது. அடுத்தவனுக்குச் சொலிஸ் நாலு பந்தைத் தப்பாக எறிந்து, அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகிற இலவச நடை கொடுத்தான். அதற்கடுத்தவன் ஒழுங்காக அடித்தான், எர்ரரில் உயிர்தப்பியவன் ஓடி முடித்தான். அந்த ஓட்டத்தைச் சுகந்தினி எறிபவன் கணக்கில் போடவில்லை. அதுவும் சரி. பிறகு இன்னொருவனுக்கு நடை. பிறகு வந்தவன் ஒரே அடியில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினான். தளங்களில் நின்ற மூன்று பேரும் அடித்தவனுமாக நாலு பேரும் ஓடி வந்தார்கள். நாலு ஓட்டம். அந்த நாலையும் சொலிஸின் பெயருக்கு நேரே எழுதினாள். நடை கொடுத்தது அவன், அடி வாங்கியது அவன், வேறு யார் தலையில் போடுவது?

ஆட்டம் முடிந்து அரைமணி நேரத்தில் இரும்புப் படியில் காலடி கேட்டது. சொலிஸ் வந்து நின்றான், முழங்கையில் ஐஸ் கட்டோடு. அவளுடைய தாளில் விரலை வைத்தான்.

“நோ மைன்,” என்றான். “டூ அவுட். ஆஃப்டர், நோ மைன்.”

சுகந்தினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினேழு வருஷம் பார்த்த காட்சி. பந்து போடுகிறவர்கள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஒரே சாதிதான்!

“இட் இஸ் இன் த புக்,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவன் தாளை மறுபடி தட்டினான். சொற்களைத் தேடினான் போலிருக்கிறது, அகப்படவில்லை. இறங்கிப் போனான். அடுத்த வாரம் பயிற்சியாளர் அவனை ஆட்டம் தொடங்குகிற இடத்திலிருந்து எடுத்து, நடுவில் வந்து இரண்டு மூன்று இன்னிங்ஸ் எறிகிற இடத்துக்குத் தள்ளினார். பயிற்சியாளர் எண்ணைப் பார்த்தார், எண் எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. இருபது பேர் தங்கள் எண்ணைப் பற்றி முறைப்பாடு சொல்கிற இடத்தில், ஐம்பது சொல்காரனின் முறைப்பாட்டுக்கு யார் காது கொடுப்பார்கள்?

ஜனவரி கடைசியில் சீசன் முடிந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனின் முழு சீசன் எண்களையும் சரிபார்த்து, ஸ்கோரர் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் லீக்குக்கு அனுப்ப வேண்டும். கணினி கூட்டிவைத்திருந்தது. சுகந்தினி கணினியை நம்புகிறவளா? ஞாயிற்றுக்கிழமை காலை சமையல் மேசையில் தாள்களைப் பரப்பிவிட்டு, முதலிலிருந்து கையால் கூட்டினாள்.

எஃப்ராயின் சொலிஸ். பதினொரு ஆட்டம். நாற்பத்தெட்டு இன்னிங்ஸ். அவன் கணக்கில் இருபத்திரண்டு ஓட்டம். ஒன்பது இன்னிங்சுக்கு எத்தனை ஓட்டம் கொடுக்கிறான் என்பதுதான் ஒரு பிட்ச்சரின் விலை. கூட்டிப் பெருக்கிப் பிரித்தால் நாலு தசம் ஒன்று மூன்று. கணினியும் அதையேதான் சொன்னது. சரி என்று அடையாளம் போடப்போன பேனை, டிசம்பர் தாளில் போய் நின்றது.

இரண்டு அவுட். எர்ரர். நடை. அடி. நடை. வேலிக்கு வெளியே.

டூ அவுட். ஆஃப்டர், நோ மைன்.

விதிப்புத்தகத்தை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கத்திலேயே பென்சில் அடிக்கோடு இருந்தது, அவளே போட்டது. மூன்றாவது அவுட் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு எர்ரர் நடந்தால், அதற்குப் பிறகு அந்த இன்னிங்ஸில் வரும் எந்த ஓட்டமும் எறிபவனின் கணக்கில் சேராது. நடை கொடுத்தாலும் சேராது, அடி வாங்கினாலும் சேராது. அவனைப் பொறுத்தவரை அந்த இன்னிங்ஸ் முடிந்துபோய்விட்டது.

படித்திருக்கிறாள். கோடு போட்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எழுதியது அந்தக் கை இல்லை, பதினேழு வருஷம் பழகின கிரிக்கெட் கை. நாலைக் கழித்துப் பார்த்தாள். பதினெட்டு. மூன்று தசம் மூன்று எட்டு.

அடுத்தவன் பிழைவிட்ட பிறகு வந்ததெல்லாம் உன் தலையில் இல்லை என்று ஒரு விதி இருக்கிறதாம், அதுவும் வெறும் விளையாட்டில். வசீகரன் போனதற்குப் பிறகான மூன்று வருஷத்தையும் அவள் எந்த விதிப்படி எழுதி வந்தாள் என்று நினைக்க அவளுக்கே எரிச்சல் வந்தது. எழும்பிப் போய் முகத்தைக் கழுவினாள். மற்றத் தாள்கள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாள். வேறு பிழை இல்லை. அந்த ஒன்றுதான்.

கவிநேசனுக்குப் போன் எடுத்தாள்.

“கவி, நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

கேட்டு முடித்ததும் அவன் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. “அக்கா, விடுங்கலா. யாரு பார்க்கப் போறா?”

“நாலு ரன் அவன்ரை இல்லை.”

“புரியுது அக்கா. ஆனா நான் சொல்றதையும் கேளுங்க. ஆக்லாந்து ஸ்கோரருக்கு சர்டிஃபிகேட் இல்லைன்னு ஏற்கனவே ஒருத்தன் லீக்குக்கு எழுதிட்டான். எங்க அக்கா ஒரு தப்பும் விட்டதில்லன்னு நான் சண்ட போட்டு ஒங்கள வச்சிருக்கேன். இப்ப நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா, அடுத்த சீசன் ஒங்களுக்கு அந்தச் சீட்டு இல்ல. கண்டிப்பா இல்ல.”

“ஓம்,” என்றாள்.

“அவன் சனிக்கிழமை ஊருக்குப் போறான். இனி இந்தப் பக்கமே வரமாட்டான். விட்டுருங்க.”

விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் என்ன, திங்களும் செவ்வாயும் அவள் விட்டேவிட்டாள். பிட்ச்சர்கள் ஆயிரம் பேர், தனக்குக் கதிரை ஒன்று என்று மாத்திரை அடைத்துக்கொண்டே தனக்குத்தானே வாதாடினாள். அந்தக் கதிரை போனால் நவம்பரில் என்ன இருக்கிறது? வியாழன் வரும், வெள்ளி வரும், சனி வரும். யார் அவளைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? சொலிஸுக்காவது ஒரு நாடு இருக்கிறது, போனால் கட்டிப்பிடிக்க ஆட்கள் இருப்பார்கள். அவளுக்கு இருந்தது மூன்று கதிரையில் நடுக்கதிரை. அதை அவளே தன் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? கொடுக்கமாட்டாள். செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்து நன்றாகச் சமைத்துச் சாப்பிடக்கூடச் செய்தாள்.

புதன்கிழமை மதியம், வேறு ஏதோ படிவத்துக்காகக் கவிநேசன் பேசினான். பேச்சுவாக்கில் வாயை விட்டான்.

“ஒங்க சொலிஸ எடுக்கலாமான்னு மெக்சிகோ கிளப் ஒண்ணு பார்த்துட்டிருக்கு. வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுவாங்களாம். ஆனா நாலுக்கு மேல இருக்கற ஆள அவங்க தொடமாட்டாங்க அக்கா. அவனுக்கு இதான் கடைசி. இது போனா ஆட்டமே முடிஞ்சுது.”

“உமக்கு இது எப்ப தெரியும்?”

அவன் பேச்சைப் படிவத்துக்குத் திருப்பப் பார்த்தான்.

“ஞாயிற்றுக்கிழமையே தெரியுமோ, கவி?”

“அக்கா, நான் ஒங்களுக்காகத்தானே…”

“எனக்காகவோ! நல்லாயிருக்கு. அந்த மனுசன் படியேறி வந்து, தனக்குத் தெரிஞ்ச அஞ்சு சொல்லில சரியான விதியைச் சொன்னவன். நான் முகத்தைக்கூடப் பாக்கேல்ல. அவன் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. இதுக்குமேல என்ன கதை இருக்கு?”

“சீட்டு போயிடும்.”

“போகட்டும்.” பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னாள். “போகட்டும் எண்டு சொல்லுறன்!”

இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மருந்துக்கடையின் பின்னறையில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே, போனில் அந்தக் கடிதத்தை எழுதினாள். ஆட்டத்தின் திகதி, இன்னிங்ஸ், நாலு ஓட்டம். காரணம் என்ற கட்டத்தில், விதியைத் தவறாகப் பிரயோகித்தது ஸ்கோரரின் பிழை என்று எழுதி, தன் முழுப்பெயரைப் போட்டாள். அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியின்மேல் இருந்துவிட்டாள்.

வெள்ளி காலை லீக்கின் இணையப் பக்கத்தில் எண் மாறியிருந்தது. மூன்று தசம் மூன்று எட்டு. அவள் பக்கத்தை மூடித் திறந்து மூடித் திறந்து ஏழெட்டுத் தடவை பார்த்தாள். சாயந்தரம் கவிநேசன் போன் எடுத்தான்.

“மெக்சிகோக்காரன் ஒரு மாசத்துக்குக் கூப்பிட்டிருக்கான், அக்கா. நல்லா போட்டா சீசன் முழுக்க.”

“சந்தோஷம்.”

“மத்ததும் வந்துருச்சு.” அவன் குரல் தாழ்ந்தது. “அடுத்த சீசனுக்கு மெல்பர்ன்லேர்ந்து ஆள் அனுப்புறாங்க. நீங்க வந்து பாருங்கக்கா, நான் டிக்கெட் தரேன். எந்த மேட்ச் வேணும்னாலும்.”

“ஓம், பாப்பம்,” என்றாள். பார்க்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். கீழே இருந்து அந்த ஜன்னலை அண்ணாந்து பார்க்க அவளால் முடியாது. “கவி, அவையள் தங்கியிருக்கிற மோட்டல் எது?”

சனிக்கிழமை காலை ஸ்கோர் புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். மோட்டார்வேயில் கார் ஓட்ட அவளுக்கு என்றைக்கும் பயம், அது வசீகரனின் வேலையாக இருந்தது. பிரிட்டோமார்ட்டில் வண்டி மாறி, மவுண்ட் வெல்லிங்டனில் அந்தப் பெரிய கடைத்தொகுதிப் பக்கம் இறங்கி, சாமான் வாங்க வந்த சனத்துக்குள் நெரிபட்டு, இருபது நிமிடம் வெயிலில் நடந்தாள். எண் மாறியது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏன் மாறியது என்று தெரிந்திருக்காது. அதை வாயால் சொல்ல வேண்டும், அந்தப் பிழையை அவள் பேனையால் மட்டும் விடவில்லை.

மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு அறைக் கதவு திறந்திருந்தது. சொலிஸ் பாதி அடுக்கிய சூட்கேசுக்கு முன்னால் நின்றான். அவளைக் கண்டதும் யாரென்று உடனே பிடிபடவில்லை. அவளைக் கன்டெய்னர் ஜன்னலுக்கு வெளியே அவன் பார்த்ததே இல்லை.

சுகந்தினி புத்தகத்தை விரித்து டிசம்பர் தாளைக் காட்டினாள். “யூ வேர் ரைட்,” என்றாள். “மை மிஸ்டேக். ஸொறி.”

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகம் மலரும் என்று அவள் நினைத்திருந்தாள் போலும். மலரவில்லை.

“செவன் வீக்,” என்றான்.

பிறகு ஸ்பானிஷில் கொட்டினான். விரலால் தாளைக் குத்திக் குத்திச் சொன்னான். பயிற்சியாளர் என்ற சொல் வந்தது, தன் தோளைத் தட்டிக் காட்டினான், தூக்கமில்லை என்று கண்ணைத் தொட்டுக் காட்டினான். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாம் புரிந்தது. ஏழு வாரம் அவனை நடுவில் வந்து எறிய வைத்தது அந்த நாலு ஓட்டம். சுகந்தினி தலையைக் குனியவில்லை. குனிந்துகொண்டு சொன்ன பதில்தானே இவ்வளவுக்கும் காரணம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டாள்.

அவன் ஓய்ந்தான். மூச்சு வாங்கியது. சுகந்தினி புத்தகத்தை மூடப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். முதல் பக்கத்துக்குத் திருப்பினான்.

“திஸ்?”

“ஃபர்ஸ்ட் கேம்,” என்றாள். “யூ. நவம்பர்.”

அறை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. ஒன்றில் அவன் இருந்தான், மற்றதைக் காலால் இவள் பக்கம் தள்ளினான். மோட்டலில் இலவசமாகக் கொடுக்கும் பொட்டலக் காப்பியை இரண்டு கோப்பையில் கலந்து கொண்டுவந்தான். வாயில் வைக்க முடியாத காப்பி. இரண்டு பேரும் குடித்தார்கள்.

பேஸ்பால் ஸ்கோர் எழுத்து உலகம் முழுக்க ஒன்றுதான். நிக்கராகுவாக்காரனும் யாழ்ப்பாணத்தாளும் ஒரே தாளை ஒரே மாதிரி வாசிக்கலாம். முதல் ஆட்டம், முதல் ஆள், அடிக்காமலே அவுட். சொலிஸ் கையை வளைத்துக் காட்டினான், இப்படித் திரும்பிய பந்து என்று. சுகந்தினி தலையாட்டினாள், அவளுக்கு அந்தப் பந்து ஞாபகம் இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் அவன் வழுக்கி விழுந்தான். அதையும் அவள் ஓரத்தில் சின்னதாகக் குறித்து வைத்திருந்தாள். அதைக் கண்டதும் அவன் வெடித்துச் சிரித்தான். இவளுக்கும் சிரிப்பு வந்தது. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

உள்ளூரில் அவன் எறிந்தது ஏழு ஆட்டம். பந்து பந்தாகப் போனார்கள். இரண்டாவது ஆட்டத்தில் காற்று. தாள் பறக்காமல் அவள் தண்ணீர்ப் போத்தலை வைத்து அழுத்திய கதையை நடித்துக் காட்டினாள். மூன்றாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸ் வந்தபோது அவன் நிற்காமல் பக்கத்தைத் திருப்பினான். நாலாவது ஆட்டத்தில் எட்டுப் பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தான். அந்த எட்டையும் அவள் விரல் வைத்து எண்ணி எண்ணிச் சொல்ல, அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவள் கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள். மூன்று மணி நேரம் போய்விட்டது. வசீகரன் போன பிறகு ஒருவரும் அவளோடு இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்ததில்லை.

ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் விமான நிலைய வான் வந்து ஹோர்ன் அடித்தது.

அவன் துள்ளி எழும்பி, மிச்சத் துணிகளைச் சூட்கேசுக்குள் திணித்து, முழங்காலால் அழுத்திப் பூட்டினான். வானுக்கு ஓடியவன் பாதியில் திரும்பினான். அவள் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினான்.

“நெக்ஸ்ட் இயர்,” என்றான். “ஐ கம். அகெய்ன் ஒக்லன்ட், மேபி. யூ? ஸ்கோர்?”

ஓட்டுநர் மறுபடி ஹோர்ன் அடித்தான். அந்தக் கதிரை போய்விட்டதை விளக்க அவனிடம் ஐம்பது சொல்லும் போதாது, அவளிடம் நேரமும் இல்லை. அவனிடம் அதைச் சொல்லவும் அவளுக்கு மனமில்லை.

“யெஸ்,” என்றாள். “ஐ வில் பி தேர்.”

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். வான் தெருவில் திரும்பி மறைந்தது.

துப்புரவு செய்கிற பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அறை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது, நான் வெளியேதான் இருக்கிறேன் என்றாள் சுகந்தினி. உள்ளே கட்டில் விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டரை ஆட்டம் மிச்சம் இருந்தது. அதே கதிரையில் இருந்து, விட்ட இடத்திலிருந்து விரல் வைத்து, கடைசிப் பந்து வரைக்கும் அவள் வாய்விட்டு வாசித்து முடித்தாள். பக்கத்துக் கதிரையை யாரும் வந்து எடுக்கவில்லை.